இடப்பக்கத்துக் கைப்பிடி

அண்ணே,

உங்கள் நாற்காலி திங்கட்கிழமை காலையில் லோரியில் வந்து இறங்கியது. அண்ணி முன்னாலேயே போன் போட்டுச் சொல்லியிருந்ததால் கடை வாசலில் இடம் ஒழித்து வைத்திருந்தேன். லோரிக்காரர் போனதும் வழக்கம்போல அதைக் கவிழ்த்துப் போட்டேன். பழைய சாமானை முகத்தைப் பார்த்து வாங்கினால் ஏமாந்து போவோம், வயிற்றைப் பார்க்கவேண்டும் என்பது என் தொழில் பழக்கம். உங்கள் நாற்காலிதான், மாதா மாதம் நானே கவிழ்த்துப் பார்த்ததுதான், இருந்தாலும் கை சும்மா இருக்கவில்லை.

பின்பக்கத்துத் துணியை விலக்கியதும் வாசம் வந்தது. சந்தனமும் சிக்குப் பிடித்த நல்லெண்ணெயும். எத்தனை முறை துடைத்திருப்பேன் அந்த இரும்பு மூட்டுகளை! பல்துலக்கியால் தேய்த்து, துணியைக் குச்சியில் சுற்றி விட்டு எடுத்து, இனி ஒன்றும் இல்லை என்று உங்களிடமே சத்தியம் செய்திருக்கிறேன். இன்னும் இருக்கிறது. கடையில் அப்போது யாரும் இல்லை. வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நாம் இரண்டு பேரும் இப்படி நாற்காலி விஷயமாய்ப் பேசிக்கொள்கிறவர்களாய் ஆவோம் என்று பெனாங்கில், இந்த ஜெலுத்தோங் வட்டாரத்தில் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் உங்கள் கடை: புதுச் சாமான், கண்ணாடிக் கதவு, ஏர்கோன். இந்தப் பக்கம் என் கடை: பழைய சாமான், இரும்புக் கதவு, மேசைக் காற்றாடி. கல்யாண வீடுகளுக்கு மடக்கு நாற்காலி வாடகைக்கு விட்டுத் தொழில் தொடங்கியவள் நான். புடவையைக் கடிக்கிற நாற்காலி எது, விரலைக் கடிக்கிற நாற்காலி எது என்று தடவிப் பார்த்தே சொல்லிவிடுவேன். உங்களுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. பெட்டியைப் பிரித்து, பிளாஸ்டிக்கை உரித்து, விற்றுவிடுவீர்கள்.

கோயில் திருவிழாவில் நாலு பேர் நடுவில் நீங்கள் சொன்னது எனக்கு மறக்காது. "அந்தம்மா கடையில நாற்காலி வாங்குனா மூட்டைப்பூச்சி இலவசம்லா."

நானும் விடவில்லை. "அண்ணன் கடை சோபா மூணு வருசத்துல என் கடைக்குத்தான் வருது. எனக்கு இவருதான் சப்ளையர்" என்றேன். சிரித்தவர்களில் அண்ணியும் ஒருவர். அன்றைக்கு இரவு வீட்டில் உங்களுக்குச் சாப்பாடு கிடைத்ததா என்று நான் கேட்டதில்லை.

பிறகு உங்களுக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது கையும் வலது காலும் பாதி கேட்டன, பாதி கேட்கவில்லை. கடையைக் கைமாற்றிவிட்டு வீட்டோடு இருந்தீர்கள். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தேன். உங்கள் கடையிலேயே விலை கூடின சோபாவில், மெத்தைக்குள் பாதி புதைந்து உட்கார்ந்திருந்தீர்கள். குளியலறைக்குப் போக வேண்டும் என்றீர்கள். அண்ணி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். அண்ணிக்கு இடுப்பு வலி. முனகாமல் தூக்கினார். நீங்கள் எங்கள் இருவர் முகத்தையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே எழுந்தீர்கள்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் சொன்னீர்கள்: "இத்தனை வருசமா உட்கார்றதுக்குத்தான் வித்தேன் தங்கச்சி. எழுந்திரிக்கிறதைப் பத்தி யோசிச்சதே இல்ல."

அதுவரைக்கும் என்னை 'அந்தம்மா' என்றுதான் சொல்வீர்கள். தங்கச்சி ஆனது அன்றைக்குத்தான். ஆனதும் உடனே வியாபாரம் பேசினீர்கள். "உன் கடையில எழுந்திரிக்கிற நாற்காலி இருக்கா?"

பட்டனை அமுக்கினால் மோட்டார் தூக்கிவிடுகிற நாற்காலி இருக்கிறது, வரவழைத்துத் தருகிறேன் என்றேன்.

"கரண்டு போச்சுன்னா நான் அந்தரத்துல தொங்கணுமா?"

"பெனாங்குல தினமுமா கரண்டு போகுது?"

"போகலைனாலும் வேணாம். பட்டனை அமுக்குனா நாற்காலிதான் எழுந்திரிக்குது. நான் எழுந்திரிக்கணும். உங்க அண்ணியக் கூப்பிடாம. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றீர்கள். அதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கைப்பிடியை இழுத்தால் கால்பலகை மேலே வருகிற சாய்நாற்காலி ஊர் முழுக்கக் கிடைக்கும். ஆனால் எல்லாவற்றுக்கும் கைப்பிடி வலப்பக்கம். உங்களுக்கு வேலை செய்கிற கையோ இடது. பாலிக் புலாவில் ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். மூன்று பேர் உட்காரும் சோபா செட்டு, இரண்டு கோடியிலும் சாய்கிற இருக்கை. இடக்கோடி இருக்கைக்கு மட்டும் கைப்பிடி இடப்பக்கம். அந்த வீட்டுக்காரர் முன்னாலேயே நட்டைக் கழற்றி அதை மட்டும் தனியாகப் பிரித்தேன். அவர் என்னைப் பைத்தியக்காரி என்று நினைத்திருப்பார். மிச்சத்தையும் வாங்கி, தனியாக விற்று, லாபமும் பார்த்துவிட்டேன். அதை உங்களிடம் அப்போதே சொன்னேன். நீங்கள் இடது கையால் சல்யூட் அடித்தீர்கள்.

நடு இருக்கையை விட்டுப் பிரித்ததால் அதற்கு வலப்பக்கத்தில் கை இல்லை. தச்சரிடம் சொல்லி மரத்தில் ஒரு கை செய்து பூட்டினேன். அகலமாக, வழவழவென்று, உங்கள் சொல்பேச்சு கேட்காத கை சும்மா படுத்துக்கிடக்க.

வீட்டில் கொண்டுவந்து வைத்த முதல் நாள் வெற்றி பாதிதான். கைப்பிடியை இழுத்தீர்கள், கால்பலகை மேலே வந்தது, ராஜா மாதிரி சாய்ந்தீர்கள். எழுந்திருக்க வேண்டுமானால் கால்பலகையைக் காலால் அழுத்தி உள்ளே மடக்க வேண்டும். மற்றவர்களுக்கு இரண்டு கால். உங்களுக்கு ஒன்று. இடது காலால் அழுத்தினீர்கள், பாதி போய்த் திரும்பி வந்தது. மறுபடியும் அழுத்தினீர்கள். நெற்றியில் வேர்வை. அண்ணி கை கொடுக்க வந்தார். "தொடாதே" என்று ஒரு சத்தம் போட்டீர்கள் பாருங்கள், வீட்டுப் பூனை கூட வெளியே போய்விட்டது.

அன்றைக்கு உங்களை ஒரு முறை தூக்கி எழுப்பிச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்துவிட்டு, நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு வேலை பார்த்தேன். பாலிக் புலாவ் வீடு கடலோரம். உப்புக்காற்று பட்டு இரும்புப் பட்டைகள் ஒன்றோடொன்று உரசும் இடமெல்லாம் துரு. ரொட்டித் தூள், தலைமுடி, ஒரு பிள்ளையின் பென்சில். எல்லாவற்றையும் துழாவி எடுத்தேன். துருவைத் தேய்த்தேன். சிலிக்கான் ஸ்ப்ரேயை மூட்டுக்கு மூட்டு, பிசுபிசுப்பு இல்லாமல் கொஞ்சமாக அடித்து, வழிந்ததைத் துடைத்தேன். சாய்வை இறுக்கும் நட்டை இரண்டு பக்கமும் ஒரே அளவுக்குத் தளர்த்தினேன். தளர்ந்திருந்த மற்ற நட்டுகளை இறுக்கினேன். நிமிர்த்தி வைத்து வெறுமனே நாலைந்து முறை திறந்து மூடினேன். சத்தம் மாறியது. முதலில் கிழவி முனகுவது மாதிரி இருந்தது, பிறகு பெட்டி பூட்டுகிற மாதிரி ஒரே 'டக்'.

மறுபடி உட்கார்ந்தீர்கள். சாய்ந்தீர்கள். இடது காலால் ஓர் அழுத்து. டக். இடது கையை ஊன்றி, மெதுவாக, நடுங்கிக்கொண்டு, எழுந்து நின்றீர்கள். நானும் அண்ணியும் உங்கள் முகத்தையே பார்த்தோம். நீங்களோ எங்களைப் பார்க்காமல் சமையலறைப் பக்கம் பார்த்துச் சொன்னீர்கள்: "கோப்பித் தண்ணி கலக்கு. தவுக்கே வந்திருக்கா, பசியாறாம போகப்போறா."

என்னைத் தவுக்கே என்று, முதலாளி என்று, நீங்கள் சொன்ன முதல் தடவை அது. கேலியாகத்தான் சொன்னீர்கள். இருந்தாலும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு முறை வந்தேன். ஒரு மாதம் தவறினால் தூசியும் ஈரமும் சேர்ந்து, உங்கள் ஒற்றைக் காலின் பலம் போதாமல் போய்விடும் என்பது எனக்கும் உங்களுக்கும் தெரியும். அண்ணிக்குத் தெரியாது. தெரிந்தால் பயப்படுவார் என்று நீங்கள் சொல்லவே இல்லை. நான் தரையில் படுத்து வேலை பார்ப்பேன். நீங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டு மேஸ்திரி வேலை பார்ப்பீர்கள்.

"அந்தப் பக்கம் விட்டுட்ட."

"விடலை அண்ணே."

"நான் பாத்தேன், விட்டுட்ட."

நூற்றில் தொண்ணூறு தடவை விட்டிருக்க மாட்டேன். இருந்தாலும் திரும்பப் போய்ப் பார்ப்பேன். சண்டை போடுவதை விட அது சுலபம். மிச்சப் பத்துத் தடவை, சொல்லக் கூசினாலும் சொல்கிறேன், நீங்கள் சொன்னது சரி.

ஆயுத பூசைக் கதைக்கு வருகிறேன். அந்த வாசத்துக்கு அதுதானே காரணம்.

அந்த வருடம் பூசைக்கு அண்ணி வீட்டில் இருந்த எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருக்கிறார். கார், மோட்டார் சைக்கிள், தையல் மெஷின், அரிவாள்மனை. கடைசியில் நாற்காலிக்கும். வெளியே ஒரு பொட்டு வைத்திருந்தால் பிரச்சினை இல்லை. "உள்ளேதானே வேலை நடக்குது" என்று பின்துணியை விலக்கி, ஒவ்வொரு மூட்டிலும் சந்தனத்தைக் குழைத்து அப்பி, குங்குமம் வைத்து, விளக்குக்கு ஊற்றிய நல்லெண்ணெயில் மிச்சத்தை வழிய வழிய விட்டிருக்கிறார். சாமிக்கு ஏற்றின எண்ணெய், அதைவிட நல்ல எண்ணெய் எது என்று அவருக்கு நினைப்பு. சில நாளில் சந்தனம் காய்ந்து, எண்ணெயோடு சேர்ந்து சிமெண்டு மாதிரி இறுகிவிட்டது.

நான் லிட்டில் இந்தியாவில் திரைச்சீலைத் துணி பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"தங்கச்சி, அண்ணன் மாட்டிக்கிட்டாரு!"

"எதுல அண்ணி?"

"நாற்காலியிலதான்! காலு மேலயே நிக்குது, கீழ வரமாட்டேங்குது."

"பக்கத்து வீட்டுல கூப்பிட்டு இறக்கிவிடுங்க."

"வந்துட்டாங்க. தொட விடமாட்டேங்கிறாரு. நீதான் வரணுமாம்."

பின்னாலிருந்து உங்கள் குரல் கேட்டது: "கேரண்டி இருக்குன்னு சொல்லு அவகிட்ட!"

துணியை அப்படியே போட்டுவிட்டு வந்தேன். வாசலில் பக்கத்து வீட்டு ஆம்பிளைகள் இரண்டு பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். உள்ளே நீங்கள் பள்ளிகொண்ட பெருமாள் மாதிரி காலை நீட்டிக் கிடந்தீர்கள். அண்ணி காலடியில் விசிறியோடு. எனக்குச் சிரிப்பு வந்தது. உங்கள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அந்த முதல் நாள் சுவரைப் பார்த்தீர்களே, அதே பார்வை.

"ரெண்டு பேரு தூக்குனா ஒரு நிமிசம் அண்ணே" என்றேன் மெல்ல.

"இன்னைக்குத் தூக்குனா நாளைக்கும் தூக்கச் சொல்லும் இந்த உடம்பு. நீ உன் வேலையைப் பாரு."

பார்த்தேன். நீங்கள் மேலே இருக்கும்போதே கீழே படுத்து வேலை செய்யவேண்டியிருந்தது. கத்தரிக்கோல் மாதிரி மடங்குகிற பட்டைகள் அவை, நடுவில் விரல் வைத்தால் விரல் நமதல்ல. "அண்ணே, காலை ஆட்டாதீங்க, என் விரல் உள்ள இருக்கு."

"போனா மிச்ச விரலால வேலை பாரு. நான் ஒரு கையில ஓட்டலையா?"

சந்தனத்தைச் சுரண்டச் சுரண்ட வந்துகொண்டே இருந்தது. அண்ணி பக்கத்தில் குனிந்து, அழுகிற குரலில் கேட்டார்: "சாமி காரியம் தப்பாயிடுச்சா தங்கச்சி? இந்த வீட்டுல அவருக்காக உழைக்கிறது இந்த நாற்காலிதானே. அதுக்குப் போடாம வேற எதுக்குப் போடுவேன்?"

நான் பதில் சொல்வதற்கு முன்னால் நீங்கள் சொன்னீர்கள்: "தப்பில்லலா. எனக்கு ஒரு பொட்டு வெக்கலையே, அதுதான் தப்பு. நானும் இந்த வீட்டுல ஒரு மெஷினுதான்."

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். வாசலில் நின்றவர்களும் சிரித்தார்கள். உங்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது. பரிதாபம் பார்க்க வந்தவர்களை வேடிக்கை பார்க்க வந்தவர்களாக மாற்றிவிட்டீர்கள். வியாபாரி புத்தி.

கடைசி மூட்டைத் துடைத்து, ஸ்ப்ரே அடித்து, நான் கையை வெளியே எடுத்ததும் "இப்ப" என்றேன். அழுத்தினீர்கள். நகரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி அழுத்தினீர்கள். டக். எழுந்தீர்கள். ஒருத்தருக்கும் நன்றி சொல்லவில்லை, நேராகக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். அவ்வளவு நேரம் எதை அடக்கி வைத்திருந்தீர்கள் என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

அன்றைக்கே ஓர் ஒப்பந்தம் போட்டோம். பொட்டு மரக்கையின் மேலே, எண்ணெய் என் கையால். அண்ணி அதற்குப் பிறகு மீறவே இல்லை. வருடா வருடம் ஒரே இடத்தில் வைத்து வைத்து, மரக்கையில் கட்டைவிரல் அளவுக்குச் செம்மஞ்சள் வட்டம் விழுந்திருக்கிறது. சாமானை விற்பதற்கு முன்னால் கறையை எடுத்து மெருகு போடுவது வழக்கம். இதற்குப் போடவில்லை.

உங்களால் எனக்கு வியாபாரம் பெருகியது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், மறைக்க என்ன இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு வந்துபோன பழக்கத்தில்தான், விற்ற சாமானை வருடம் ஒரு முறை வீட்டுக்கே போய்ப் பார்த்துத் தருகிற வழக்கத்தைத் தொடங்கினேன். அலமாரிக் கீலுக்கு ஒரு சொட்டு எண்ணெய், மர இழுப்பறைக்கு மெழுகுவர்த்தி, சக்கரத்தில் சுற்றின தலைமுடிக்கு ஒரு கத்தரிக்கோல். காசு வாங்குவதில்லை. எண்ணெய் போடப் போன வீட்டில் கண்ணை மூடிக்கொண்டா இருப்பேன்? பக்கத்து அறையில் சோபா தொங்குவது தெரியாமலா போகும்? இதை உங்களிடம் சொன்னபோது, "அடிப்பாவி, என் காலை வெச்சு நீ கடையை நடத்துற" என்றீர்கள். முகத்தில் பெருமைதான்.

நீங்கள் போன அன்று காலையில் அண்ணி வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். எழுந்து, பூந்தொட்டிக்குத் தண்ணீர் விட்டு, கொஞ்சம் படுக்கிறேன் என்று கட்டிலுக்குப் போனீர்களாம். அவ்வளவுதானாம். வந்தவர்கள் எல்லாரும் நல்ல சாவு என்றார்கள். அண்ணி என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "நாற்காலி மூடித்தான் இருந்துச்சு தங்கச்சி."

எனக்கு அது போதும். கால்பலகை உள்ளே மடங்கியிருந்தது. யாரையும் கூப்பிடாமல் எழுந்திருக்கிறீர்கள்.

இப்போது நாற்காலிக்கு வருகிறேன். கடையிலேயே வைத்துக்கொள் என்று சிலர் சொன்னார்கள். நீங்கள் கேட்டிருந்தால் "என்ன, எனக்கு மியூசியமா வெக்கிற?" என்றிருப்பீர்கள். சாமான் கடையில் தூங்கக்கூடாது என்பதில் நாம் இருவரும் ஒரே கட்சி. விற்பனைக்கு வைத்தேன்.

புதன்கிழமை ஒரு மகள் தன் அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தாள். ஜெலுத்தோங் பாசாரில் காய்கறி விற்று ஓய்ந்த அம்மா, முட்டி இரண்டும் போச்சு. மகள் காட்டிய புது மாடல் எல்லாவற்றையும் தாண்டி வந்து உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தார். இடது கை தானாகப் போய்க் கைப்பிடியைப் பிடித்தது. "எனக்குப் பீச்சாங்கைதான் ஓடும்" என்றார் சந்தோசமாக. "எங்க போனாலும் எல்லாத்தையும் வலப்பக்கமே வெச்சுத் தொலைக்கிறானுங்க." பிறகு மரக்கையைத் தடவினார். "இது என்ன பொட்டு? யாரு வீட்டு சாமான்?"

சொல்லாமல் விற்றிருக்கலாம். துடைத்துவிட்டால் தெரியாது. சொன்னேன். மகள் அம்மாவின் தோளைப் பிடித்து இழுத்தாள். "செத்தவரு நாற்காலிம்மா, வேணாம், எந்திரிங்க."

அந்த அம்மா அசையவில்லை. என்னைப் பார்த்து, "இதுல உட்கார்ந்தேவா செத்தாரு?" என்றார்.

"இல்லம்மா. எழுந்திரிச்சுப் போய்த்தான்."

"யாராச்சும் தூக்கிவிட்டாங்களா?"

"இல்ல. அவரேதான்."

மரக்கையை இன்னொரு முறை தடவினார். கைப்பிடியை இழுத்துச் சாய்ந்தார். மகள் கை நீட்டினாள். அதைத் தட்டிவிட்டுக் காலால் ஓர் அழுத்து அழுத்தினார். டக். இரண்டு கைகளையும் ஊன்றி, முட்டி கரகரக்க எழுந்து நின்று, மகளைப் பார்த்துச் சொன்னார்: "அவரு எந்திரிச்சுட்டாருல்ல? அப்ப நல்ல நாற்காலிதான். லோரிக்குச் சொல்லு."

இப்போதெல்லாம் என் கடையில் யார் நாற்காலி பார்க்க வந்தாலும் உட்கார்ந்து பார்த்ததும் எழுந்து பாருங்கள் என்கிறேன். சிரிக்கிறார்கள். பிறகு எழுந்து பார்க்கிறார்கள். முகம் மாறுகிறது. நீங்கள் அந்தப் புதைகிற சோபாவில் இருந்து சொன்னதை நான் வியாபாரமாக்கிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஆட்சேபம் இருக்காது.

நாற்காலியை அனுப்புவதற்கு முன்னால் இன்னொரு முறை கவிழ்த்துப் போட்டு, பல்துலக்கியும் ஸ்ப்ரேயும் எடுத்துக்கொண்டு தரையில் படுத்தேன். எல்லா மூட்டும் பார்த்தாயிற்று, துடைத்தாயிற்று, எழுந்துவிட்டேன். சாப்பாட்டு மேசைப் பக்கத்தில் இருந்து யாரோ "அந்தப் பக்கம் விட்டுட்ட" என்று சொன்ன மாதிரி இருந்தது. கடையில் சாப்பாட்டு மேசை ஏழெட்டு இருக்கிறது, எல்லாம் காலி. மறுபடியும் குனிந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தேன்.

விடவில்லை அண்ணே.